காலடிக்கு எழுத்து வந்த கதை

1704-இல் பிரெஞ்சு மன்னரின் ஆலோசனை மன்றத்துக்கு ஒரு புகார் போனது. கொடுத்தவர் பியேர் போஷான், வயது எழுபத்திரண்டு. பதினான்காம் லூயி மன்னருக்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் நடனம் சொல்லிக்கொடுத்தவர். பாரிஸ் ஆப்பராவின் முதல் பாலே ஆசிரியர். புகார் இதுதான்: நடனத்தைத் தாளில் எழுதும் முறையைக் கண்டுபிடித்தது நான், அதை ஃபொய்யே என்பவர் தன் பெயரில் புத்தகம் போட்டு விற்கிறார்.

ஃபொய்யேயும் நடன ஆசிரியர்தான். 1700-இல் அவருடைய புத்தகம் வெளிவந்து, அடுத்த ஆண்டே மறுபதிப்பும் கண்டிருந்தது. நான்கு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர் வழக்குக்குப் போனார்.

பாட்டை எழுத ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகவே வழி இருந்தது. ஆட்டத்துக்கு இல்லை. ஆசிரியர் ஆடிக் காட்டுவார், மாணவர் பார்த்துப் பிடித்துக்கொள்வார். 1589-இல் ஆர்போ என்ற புனைபெயரில் ஒரு பாதிரியார் நடன நூல் ஒன்று வெளியிட்டார். இசைச் சுரங்களைச் செங்குத்தாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த இடத்தில் வரும் அடியின் பெயரை எழுதினார். வரிசையாக நின்று ஆடும் எளிய ஆட்டங்களுக்கு அது போதும். லூயியின் அரண்மனை ஆட்டத்தில், எந்த அடி என்பதோடு தரையில் எங்கே போகிறோம் என்பதும் சேர்ந்ததுதான் நடனம். பார்ப்பவர்கள் உயரமான இருக்கைகளிலிருந்து தரைக்கோலத்தையும் ரசித்தார்கள்.

போஷான் 1631-இல் பிறந்தார். வயலின்காரர்களும் நடன ஆசிரியர்களும் நிறைந்த குடும்பம். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே தொழில் மாதிரிதான். கோட்டுப் பையில் செருகும் அளவுக்குச் சின்ன வயலினை வாசித்துக்கொண்டே ஆசிரியர் பாடம் நடத்துவார். அரசவை பாலே உச்சத்தில் இருந்தது. 1653-இல் பதினான்கு வயது லூயி சூரியனாக வேடம் கட்டி மேடையேறியதிலிருந்தே அவருக்குச் ‘சூரிய மன்னன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

போஷானின் கைவண்ணம் தெரிந்த ஒரு நாள் 1661 ஆகஸ்ட் 17. நிதி நிர்வாகி ஃபூக்கே தன் புது மாளிகையில் மன்னருக்கு விருந்து வைத்தார். மோலியேரின் நாடகமும் ஒரு பாலேயும் ஏற்பாடு. நல்ல ஆட்டக்காரர்களோ கொஞ்சம் பேர்தான். ஒருவரே பல வேடம் கட்ட வேண்டும், உடை மாற்ற நேரம் வேண்டும். எனவே பாலேயைத் துண்டு துண்டாக்கி அங்கங்களுக்கு நடுவே செருகினார்கள். கதை அறுந்துபோகக் கூடாதே என்று நடனங்களையும் கதையோடு பின்னினார்கள். இந்தச் சமாளிப்பில் பிறந்ததுதான் நாடகமும் பாலேயும் கலந்த புது வகை. நடனமும் பெரும்பாலும் இசையும் போஷானுடையவை. விருந்தின் ஆடம்பரம் மன்னர் கண்ணை உறுத்தியதாகச் சொல்வார்கள். மூன்று வாரத்துக்குள் ஃபூக்கே கைதானார். போஷானுக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை, வேலை ஏறிக்கொண்டே போனது. இசையமைப்பாளர் லுல்லியின் கைக்கு ஆப்பரா வந்த 1672 முதல் லுல்லி இறந்த 1687 வரை அதன் நடனமெல்லாம் போஷான் பொறுப்பு.

இவருடைய தரைக்கோலங்களைப் பற்றி ஒரு கதை உண்டு. இத்தனை அமைப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, “என் மாடத்துப் புறாக்களிடமிருந்து” என்றாராம். தானியத்தை வீசுவார், அவை பறந்து வந்து கூடுவதையும் பிரிவதையும் பார்த்துக் கோலம் அமைப்பார். உண்மையோ இல்லையோ, நடனத்தை மேலிருந்து பார்த்த மனிதரின் கதை அது.

1670 வாக்கில் மன்னர் மேடையில் ஆடுவதை நிறுத்திவிட்டார். பிரபுக்கள் ஆடிய ஆட்டம் தொழில்முறைக் கலைஞர்களின் கைக்குப் போனது. பாரிஸில் புதிதாக வந்த நடனத்தை வெளியூர்க்காரர்களும் பிற நாட்டு அரசவைகளும் கேட்டார்கள். நடனத்தைத் தாளில் புரியவைக்க ஒரு வழி பார் என்று மன்னர் போஷானிடம் சொன்னார். அவரும் செய்து மன்னரிடம் காட்டினார் என்பதே அவர் தரப்பு. லோரான், ஃபாவியே என்ற நடன ஆசிரியர்களும் 1680-களில் ஆளுக்கொரு முறையை உருவாக்கியிருந்தார்கள். தேவை ஊறிப்போயிருந்தது, யாராவது செய்யாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

எழுத வேண்டுமானால் முதலில் எழுத்துகள் வேண்டும். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி வைக்கும் ஐந்து நிலைகளை வகுத்தவர் போஷான் என்று சொல்லப்படுவதை இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். எந்த அடியும் ஐந்தில் ஒன்றில் தொடங்கி ஐந்தில் ஒன்றில் முடியும் என்று ஆகிவிட்டால், நடனம் எழுத்தில் அடங்கிவிடும்.

ஃபொய்யே புத்தகத்தின் முறைப்படி எழுதிய ஒரு பக்கம் பார்க்க எப்படி இருக்கும்? தாள்தான் தரை, மேலிருந்து பார்க்கிறோம். மேல் விளிம்பு மன்னர் அமர்ந்திருக்கும் பக்கம். அதையொட்டி இசை ஒரு வரி. கீழே ஒரு கோடு நேராக ஓடி, வளைந்து, சுழித்துத் திரும்புகிறது: ஆடுபவரின் தடம். இருவர் ஆடினால் இரண்டு தடங்கள். பக்கமே சிக்குக்கோலம் போட்ட வாசல் மாதிரி இருக்கும். தடத்தை வெட்டும் குறுக்குக் கோடுகள் இசையின் தாளப் பகுதிகளைக் காட்டும். வலக்கால் அடிகள் வலப்புறம், இடக்கால் அடிகள் இடப்புறம். ஒரு புள்ளி, கால் கிளம்பும் இடம். அதிலிருந்து நீளும் கோடு, கால் போகும் வழி. நுனியில் ஒரு சிறு மடிப்பு, பாதம் ஊன்றும் இடம். அந்தக் கோட்டின் மேல் சாய்ந்த கீற்று இருந்தால் முழங்காலை மடி; நேர்க்கீற்று என்றால் எழும்பு; நேர்க்கீற்று இரண்டு என்றால் துள்ளு. கீற்று தொடக்கத்தில் இருந்தால் மடித்த பிறகு காலெடுக்க வேண்டும், நடுவில் இருந்தால் போகிற போக்கில் மடிக்க வேண்டும். தடம் திரும்பும்போது குறிகளும் திரும்பிவிடும் என்பதால் புத்தகத்தை எப்படிப் பிடிப்பது என்பதற்கும் ஃபொய்யே அறிவுரை தருகிறார்.

வழக்கில் போஷான் தோற்றார். சக ஆசிரியர்கள் அவர் பக்கம் சாட்சி சொல்லியும் பயனில்லை. அன்றைய பிரான்ஸில் எதை அச்சிடவும் மன்னரின் உரிமைப் பத்திரம் வேண்டும். அதைப் பெற்றிருந்தவர் ஃபொய்யே. 1705 பிப்ரவரியில் போஷான் காலமானார்.

நியாயம் போஷான் பக்கம் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் ஃபொய்யே வெறும் திருடர் அல்ல. போஷானின் முறை கையெழுத்துத் தாள்களைத் தாண்டவில்லை. ஃபொய்யே அதைக் கடைச்சரக்காக்கினார். ஆண்டுதோறும் புது நடனங்களைச் சிறு புத்தகமாகப் போட்டார். போஷானுக்குப் பின் ஆப்பராவில் அமர்ந்த பெகூரின் நடனங்களையும் எழுதி அச்சிட்டார். அவருடைய 1700 புத்தகத்துக்கு 1706-இல் ஜான் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வந்தது. 1717-இல் ஜெர்மன் மொழியிலும் வந்துவிட்டது. இந்த எழுத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட நடனங்கள் இன்று வரை தப்பியிருக்கின்றன. அவற்றில் போஷானுடையவை என்று சொல்லத்தக்கவை அரிது.

1760-இல் நொவேர் என்ற இன்னொரு பாலே ஆசிரியர் இந்த எழுத்தைக் கடுமையாகச் சாடினார். கதை சொல்லும் பாலே வேண்டும் என்றவர் அவர். முகமும் உடலும் பேசாத எழுத்து அவருக்கு எதற்கு? கைக்கும் குறிகள் இருந்தன, எழுதியவர்கள்தான் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் முறை வழக்கொழிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பழைய நடனங்களை மீட்டெடுக்க முனைந்தவர்கள் ஃபொய்யேயின் பக்கங்களிலிருந்து கால்களைப் பெற்றார்கள். கைகளுக்கு ராமோ என்ற நடன ஆசிரியர் 1725-இல் எழுதிய நூலைப் புரட்டினார்கள். ஐந்து நிலைகளையும் வகுத்தவர் போஷான் என்று பெயர் சொல்லி எழுதிவைத்ததும் அந்த ராமோதான். அப்போது போஷான் இறந்து இருபது ஆண்டாகியிருந்தது.