பெர்மிக் கடலின் கரை

மாத்தளை மாவட்டத்து வில்கமுவ போன்ற உலர்வலய ஊர்களிற் குளக்கரையில் நின்றோர் ஓருண்மையை அறிவர். காற்று வலிதாய் வீசுங்கால் நீர் ஒருபுறம் ஒதுங்கும். நீர்விளிம்பின் வடிவு மாறும். நீரின் அளவோ மாறாது. உலோகத்து இலத்திரன்கள் பற்றிய ஆய்வு வரலாறும் இத்தகைய வினாவொன்றைச் சுற்றியே வளர்ந்தது.

பவுலியின் தவிர்க்கைத் தத்துவப்படி ஒரே நிலையில் இரண்டு இலத்திரன்கள் அமைய முடியா. எனவே அவை தாழ்ந்த சக்திநிலைகளிலிருந்து மேனோக்கி நிரம்புகின்றன. உந்தவெளியில் நிரம்பிய பகுதியின் எல்லையே பெர்மி மேற்பரப்பு. இருபரிமாண உலோகத்தில் அது வெறும் வளைகோடாகும். 1928இல் சென்னைக்கு வந்த சொமர்பெல்ட், தமது புதிய உலோகக் கொள்கையை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு எடுத்துரைத்தார். இலத்திரன்களின் இடைத்தாக்கத்தை அக்கொள்கை கருதவில்லை. ஆயினும் பரிசோதனைகளோடு அது பெரிதும் இசைந்தது. இஃது எங்ஙனம்?

1956இல் லண்டாவு விடையிறுத்தார்: இடைத்தாக்கத்தால் இலத்திரனின் பயன்படு திணிவு மாறினும் பெர்மி மேற்பரப்பு அழிவதில்லை. ஆனால் இடைத்தாக்கம் ஓர் எல்லையைக் கடப்பின் அதன் வடிவு நிலைக்காதென 1958இல் பொமெரன்சுக் காட்டினார். வடிவு மாறினும் அஃது அடைக்கும் அளவு மாறாதென 1960இல் லற்றிங்கர் நிறுவினார். 2000ஆம் ஆண்டில் யமாசே, கோனோ ஆகியோரும், ஹல்போத், மெற்ஸ்னர் ஆகியோரும், சதுர ஒழுங்கமைப்பில் அவ்வளைகோடு ஒரு திசையில் நீண்டு மறுதிசையில் ஒடுங்கக்கூடுமெனத் தனித்தனியே கண்டனர்.

இவற்றுக்கு உரைகல்லாயமைந்தவை, இலத்திரன்கள் பெரும்பாலும் தளங்களிலேயே உலவும் செப்பு ஒட்சைட்டுகள். 1986இல் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் இவற்றில் உயர்வெப்பநிலை மீகடத்தலைக் கண்டனர். 1987இல் தமிழகத்துப் பௌதிகவியலாளர் கணபதி பாஸ்கரன், சோ, அண்டர்சன் ஆகியோருடன் இணைந்து, இலத்திரன்களின் வலிய விலக்கத்தையே அடிப்படையாக்கி விளக்கம் தந்தார். 2007இல் வலிய காந்தப்புலத்தில் நிகழ்ந்த அளவீட்டின்படி, மாசூட்டல் குறைந்த சேர்வையொன்றில் வளைகோடு அடைத்த பரப்பு உந்தவெளி அலகின் ஏறத்தாழ 2% மட்டுமே. 2008இல் மாசூட்டல் மிகுந்த வேறொன்றில் அது ஏறத்தாழ 65%; இஃது லற்றிங்கர் கணக்கோடு ஒத்தது. முன்னையதில் ஏற்ற அடர்த்தியின் அலையொழுங்கு கரையைத் துண்டாடிற்று என்பது பலர் முடிபு; அந்நிலையிற் கணக்கே பொருந்தாதென்பாரும் உளர்.

தனித்துலவும் இலத்திரன் என்னும் எளிய கருத்து பயனற்றதன்று. அது முறியுமிடத்தை அறிவதே அடுத்த படி. அதனை நாடும் மாணவர் கரையை நோக்கினால் மட்டும் போதாது; நீரையும் அளத்தல் வேண்டும்.