லினக்ஸ் நிறுவியதும் வைஃபை எங்கே போகிறது?

பழைய மடிக்கணினியில் விண்டோஸை அழித்து லினக்ஸ் நிறுவுபவர்கள் அதிகம் திண்டாடுவது வைஃபையில்தான். திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் ஒழுங்காக இருக்கும். வைஃபை வலையமைப்பு ஒன்றுகூடக் காட்டாது. கார்ட் பழுதாகியிருக்க வேண்டும் என்றில்லை. பல வேளைகளில் சிக்கல் உரிமத்தில் இருக்கிறது.

வைஃபை கார்டை இயக்க டிரைவர் மட்டும் போதாது. டிரைவர் இயங்குதளத்துக்குள் இருப்பது. கார்டிலுள்ள சிறு செயலியில் ஓடுவது ஃபேர்ம்வெயார். பெரும்பாலான கார்டுகளில், கணினி தொடங்கும்போது டிரைவர்தான் அதை உள்ளே ஏற்றுகிறது. டிரைவரின் மூலநிரல் திறந்ததாக இருந்தாலும் ஃபேர்ம்வெயார் அநேகமாக உற்பத்தியாளரின் மூடிய கோப்பு. அதை மற்றவர்கள் பிரதியெடுத்து விநியோகிக்கலாமா என்பதை அவரது உரிமமே தீர்மானிக்கும்.

இன்டெல் தன் கோப்புகளை மாற்றமின்றி விநியோகிக்க அனுமதிக்கிறது. புரோட்கொம்மின் பழைய சிப்களுக்கு அந்த அனுமதி இல்லை. நிறுவனம் ஆவணங்கள் தராத நிலையில், தன்னார்வலர்கள் அதன் மென்பொருளை ஆராய்ந்தே ஒரு டிரைவரை எழுதினார்கள். அது 2006இல் லினக்ஸ் 2.6.17இல் சேர்ந்தது. ஆனால் ஃபேர்ம்வெயாரைச் சேர்க்க முடியவில்லை. பயனர் புரோட்கொம்மின் டிரைவர் கோப்பைத் தரவிறக்கி, தனியொரு கருவியால் அதிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். இணையம் கிடைக்க முதலில் இணையம் வேண்டும்! 2010இல் அந்நிறுவனம் புதிய சிப்களுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. பழையவற்றுக்கு அதனால் பயனில்லை.

டெபியன் நீண்டகாலம் மூடிய ஃபேர்ம்வெயாரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. கொள்கை நியாயமானதே, ஆனால் புதிய பயனர்களே அதற்கு விலை கொடுத்தார்கள். 2022 ஒக்டோபரில் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் நிறுவியிலேயே அக்கோப்புகள் உள்ளன. அந்தப் பழைய புரோட்கொம் கோப்புகள் மட்டும் இன்னும் இல்லை. டெபியன் தன் கொள்கையை மாற்றலாம், இன்னொரு நிறுவனத்தின் உரிமத்தை மாற்ற முடியாதே.

விண்டோஸை அழிக்கும் முன் டிவைஸ் மனேஜரில் கார்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். புரோட்கொம் என்றிருந்தால் லான் கேபிள் ஒன்றைத் தயாராக வையுங்கள். அன்ட்ரொய்ட் தொலைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். கார்டையே மாற்றுவதானால், ஏடிஎச்9கே டிரைவரில் இயங்கும் பழைய அதரோஸ் உள்கார்டுகளைத் தேடிப் பார்க்கலாம்; அவற்றுக்குத் தனி ஃபேர்ம்வெயார் கோப்பே வேண்டாம்.