ஸென் வழியும் சில்லு வழியும்

ஒரே கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை (விஎம்) அமைத்துப் பல இயங்குதளங்களை ஓட்டினால் வேகம் அடிபடும். அதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் வெளிவந்த ஸென் என்ற மென்பொருள். மற்றது, 2005 இறுதியில் இன்டெல் தன் சில்லுகளிலேயே சேர்த்த விடி-எக்ஸ்.

எக்ஸ்86 சில்லின் பழைய கோளாறு ஒன்றுதான் இரண்டுக்கும் காரணம். 'பாப்எஃப்' என்ற கட்டளையைப் பாருங்கள். விஎம்முக்குள், அதிகாரம் குறைந்த நிலையில் ஓடும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இந்தக் கட்டளையால் இன்டரப்டை நிறுத்தப் பார்த்தால், சில்லு அதைச் செய்யாது. முடியாது என்று பிழை காட்டவும் செய்யாது. கண்டும் காணாததுபோல் அடுத்த வேலைக்குப் போய்விடும். விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசருக்குச் சேதியே எட்டாது. இதை மென்பொருளால் சமாளிக்கப் போனால் வேகம் போகும்.

ஸென் கெர்னலையே திருத்தச் சொன்னது. இத்தகைய கட்டளைகளுக்குப் பதில் ஹைப்பர்வைசரை நேராக அழைக்கலாம். பல வேலைகளைத் திரட்டி ஒரே அழைப்பில் முடிக்கலாம். வேகம் கிடைத்தது. ஆனால் மூலநிரல் கையில் இருக்க வேண்டுமே! லினக்ஸுக்குச் சரி, விண்டோஸுக்கு எங்கே போவது?

விடி-எக்ஸில் அந்தத் தொல்லை இல்லை, எதையும் திருத்த வேண்டாம். வேகம்தான் உடனே வரவில்லை. முதல் தலைமுறை வன்பொருள் உதவி பல வேலைகளில் தங்கள் மென்பொருள் உத்தியிடமே தோற்றது என்று விஎம்வேர் நிறுவனத்தின் ஆடம்ஸும் அகெசனும் 2006இல் காட்டினார்கள். சொந்தச் சரக்கைப் புகழ்ந்தார்கள் என்று ஒதுக்க முடியாது. காரணம் தெளிவாக இருந்தது. நினைவகப் பக்க அட்டவணையை மாற்றும்போதெல்லாம் விஎம்மை விட்டு வெளியேறி ஹைப்பர்வைசரிடம் போக வேண்டியிருந்தது. ஏஎம்டி 2007இலும் இன்டெல் 2008இலும் இரண்டடுக்குப் பக்க அட்டவணையைச் சில்லில் வைத்த பிறகே அது தீர்ந்தது. அதற்கும் விலை உண்டு: முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பியில் தேடியது கிடைக்காவிட்டால், சாதாரணமாக 4 நினைவக வாசிப்பில் முடியும் தேடல் 24 வரை போகலாம். 2 எம்பி பெரிய பக்கங்கள் இந்தச் சுமையைக் குறைக்கும்.

ஆக, சிபியுவிலும் நினைவகத்திலும் சில்லு வழியே வென்றது. வட்டிலும் நெட்வொர்க்கிலும் கதை வேறு. இ1000 போன்ற போலி நெட்வொர்க் கார்டில், டிரைவர் ரெஜிஸ்டரில் எழுதும்போதெல்லாம் விஎம் நின்று வெளியேறும். ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோ, தான் போலி என்பதை டிரைவரிடம் ஒளிக்காது. பொது நினைவக வரிசையில் பாக்கெட்டுகளை அடுக்கிவிட்டு ஹைப்பர்வைசரிடம் ஒருமுறை தகவல் சொன்னால் போதும். இது ஸென்னின் யோசனைதான். கெர்னலை விட்டு டிரைவருக்குள் குடியேறியிருக்கிறது.

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் உங்கள் விஎம் மந்தமாக இருந்தால், ரேம் வாங்கும் முன் நெட்வொர்க் கார்டு இ1000 என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் விர்ட்டியோவுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் என்றால் அதற்கான டிரைவரை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்.