கே-ஃபாக்: சங்கு ஊதிய ஒரு வானொலி

2004-ல் முதல் தடவையா ஆன்சைட் போனேன். சன்னிவேலில் வீடு, சான் மட்டேயோவில் கிளையன்ட் ஆபீஸ், நடுவில் 101 நெடுஞ்சாலை. ராத்திரி சென்னை டீமோடு கால் முடியவே பன்னிரண்டு ஆகிவிடும். அதனால் காலையில் நான் கிளம்புவதே பத்து மணி சுமாருக்குத்தான். செகண்ட் ஹாண்டில் வாங்கிய கொரோலாவின் பிளேயர், எந்த கேசட்டைப் போட்டாலும் டேப்பை இழுத்துச் சிக்கலாக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன இளையராஜா கேசட் இரண்டு அப்படிப் போன பிறகு, மிஞ்சியது ரேடியோ.

ஒருநாள் ஸ்டேஷன் மாத்திக்கிட்டே வந்தபோது 97.7-ல் கப்பல் சங்குச் சத்தம் கேட்டது. பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்க ஊதுவார்களே, அது. அப்புறம் ஒரு மனுஷர் நிதானமாக ஒரு வருஷத்தைச் சொன்னார். 1971 என்று ஞாபகம். அந்த வருஷத்துப் பாட்டு பத்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நடுநடுவே அதே வருஷத்துச் செய்தித் துணுக்கு, டிவி விளம்பரம், சினிமா வசனம். ஹாஸ்டல் தயவில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் பிரையன் ஆடம்ஸ், மைக்கேல் ஜாக்சன், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், அவ்வளவுதான். அந்தப் பத்தில் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. ஆபீஸ் பார்க்கிங்கில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்து கேட்டு முடித்தேன்.

அந்த நிகழ்ச்சியின் பெயர் 'டென் அட் டென்'. நடத்தியவர் டேவ் மோரி. நிலையம் கே.எஃப்.ஓ.ஜி, ஊரில் எல்லோருக்கும் 'கே-ஃபாக்'. சான் பிரான்சிஸ்கோவில் 104.5, தெற்கே எங்கள் பக்கத்துக்கு அதையே 97.7-ல் அஞ்சல் செய்தார்கள். விசுவாசமான நேயர்கள் தங்களை 'ஃபாக்ஹெட்ஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள்.

2019 செப்டம்பரில் அது மூடப்பட்டது. இவ்வளவு பேருக்குப் பிடித்த ஒன்று ஏன் செத்துப்போனது என்று அன்றிலிருந்து அவ்வப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

இது என்ன வகை வானொலி?

அமெரிக்க வானொலித் தொழிலில் இந்த வகைக்கு 'அடல்ட் ஆல்பம் ஆல்டர்நேடிவ்', சுருக்கமாக 'டிரிபிள் ஏ' என்று பெயர். பெயர் நிலைபெற்றது 1990களில். 1993-ல் 'கேவின் ரிப்போர்ட்' என்ற தொழில் இதழ் இதற்குத் தனிப் பட்டியல் போட ஆரம்பித்தது. 'அடல்ட்' என்றதும் வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம். முப்பது வயதைத் தாண்டியும் புதுப் பாட்டு தேடுகிற ஆள் என்பதுதான் இங்கே பொருள்.

ஹிட் பாட்டு நிலையம் சில நூறு பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போடும். டிரிபிள் ஏ நிலையத்தின் கையிருப்பு சில ஆயிரம். வான் மாரிசனுக்குப் பின்னால் லாஸ் லோபோஸ், அதற்குப் பின்னால் போன மாசம் வந்த புது ஆளின் பாட்டு. ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் 2002-ல் அறிமுகமானபோது, அவரை முதலில் கையில் எடுத்தவற்றில் இந்த வகை நிலையங்களும் உண்டு.

வேர் இன்னும் பழசு, அதுவும் அதே ஊரில். 1967-ல் டாம் டோனஹ்யூ என்ற அறிவிப்பாளர் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ் நிலையத்தில், ஹிட் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முழு ஆல்பங்களிலிருந்து தனக்குப் பிடித்ததைப் போட ஆரம்பித்தார். அடுத்த வருஷம் கே.எஸ்.ஏ.என்-னுக்கு மாறினார்கள். 1970களில் ராக் வானொலி பெரிய வியாபாரமானதும், எதைப் போடுவது என்பதை ஆலோசகர்கள் முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். 1980-ல் கே.எஸ்.ஏ.என் கண்ட்ரி இசைக்கு மாறிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, அதுவரை லிஃப்டில் கேட்கிற மாதிரி மெல்லிய இசை போட்டுக்கொண்டிருந்த கே-ஃபாக், ராக்குக்கு வந்தது. அனாதையாக நின்ற நேயர்களுக்கு ஒரு வீடு கிடைத்த மாதிரி.

கவர்ச்சி பாட்டில் மட்டும் இல்லை. யாரோ ஒரு ஆள் நமக்காக யோசித்து அடுத்த பாட்டை எடுக்கிறார் என்ற உணர்வு. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கே-ஃபாக் தன் ஸ்டுடியோவில் கலைஞர்கள் வந்து பாடியதைத் தொகுத்து வருஷா வருஷம் சிடி போடும். வருமானம் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குப் போகும். வளைகுடாக் கரையில் பாட்டுக்கு ஏற்றபடி வாணவேடிக்கை விடும் 'கபூம்' என்ற விழாவும் நடத்தினார்கள். ஒரு வானொலி கூப்பிட்டு அப்படி ஜனம் வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் அடி: சட்டம்

1996 வரை ஒரு கம்பெனி அமெரிக்கா முழுக்க 40 வானொலிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வருஷத் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. பெரிய நகரம் ஒன்றில் மட்டும் ஒரே முதலாளி எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. கிளியர் சேனல் என்ற கம்பெனி சில வருஷங்களில் 1,200-க்கும் மேல் வாங்கிக் குவித்தது.

கே-ஃபாக்கின் முதலாளி பென்சில்வேனியாவின் சஸ்குஹானா. பீங்கான் தட்டு, கோப்பை செய்யும் தொழிலும் வைத்திருந்த குடும்பக் கம்பெனி. 2006-ல் அதன் வானொலிகளை, க்யூமுலஸ் தலைமையிலான முதலீட்டுக் கூட்டணி சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் வாங்கி வாங்கிய சொத்து. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்போது 'இந்த ஸ்டேஷன் நேயர்களுக்குப் பிடித்திருக்கிறது' என்பது பதிலாகாது. 'இந்தக் காலாண்டில் எவ்வளவு?' என்பதுதான் கேள்வி.

இரண்டாவது அடி: அளவுகோல்

எனக்கு ரொம்ப சுவாரசியமான இடம் இதுதான். விளம்பரக் கட்டணம் நேயர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதை அளந்தது ஆர்பிட்ரான் என்ற கம்பெனி. பல வருஷமாக முறை இதுதான்: தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒரு சின்ன நோட்டை அனுப்புவார்கள். ஒரு வாரம் எந்த நிலையம் கேட்டோம் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மனுஷன் ஞாபகத்திலிருந்துதானே எழுதுவான்? கே-ஃபாக் ரசிகன் 'காலை முழுக்க கே-ஃபாக்' என்று எழுதுவான். நடுவில் டிராஃபிக் செய்திக்காக 740-க்கு மாறியது அவனுக்கு ஞாபகமே இருக்காது.

2007-லிருந்து பேஜர் மாதிரி ஒரு கருவி வந்தது. ஒவ்வொரு நிலையமும் தன் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளக் குறியைக் கலந்து அனுப்பும். கருவி அதைப் பிடித்து நிமிஷ வாரியாகப் பதியும். 2008-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வந்துவிட்டது.

இன்ஜினியராக எனக்கு இதில் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. ஞாபகத்தைவிடக் கருவி துல்லியம்தான். ஆனா அது சொன்ன செய்தியைப் பாருங்கள். அன்றைய கணக்குப்படி, கால் மணி நேரத்தில் ஐந்து நிமிஷம் கேட்டால் அந்தக் கால் மணி முழுவதும் நிலையத்தின் கணக்கில் சேர்ந்தது. அப்படியானால் ஜெயிக்க வழி, எவனும் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது. தெரியாத பாட்டு போட்டால் சிலர் மாறுகிறார்கள் என்பது இப்போது வரைபடத்தில் தெரியும். அறிவிப்பாளர் கூடுதலாகப் பேசினாலும் தெரியும். முடிவு? தெரியாத பாட்டைக் குறை, பேச்சைக் குறை. அதாவது, இந்த வகை வானொலி எதற்காக இருந்ததோ அதைக் குறை.

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் டிக்கெட் மூடும் எண்ணிக்கையை டாஷ்போர்டில் போட்டார்கள். ஒரே மாசத்தில் எண்ணிக்கை எகிறியது; கஷ்டமான பிரச்சனைகளை மட்டும் யாரும் தொடவில்லை. எண்ணில் பொய் கிடையாது, ஆனா எங்க வேலை என்ன என்பதே மாறிப்போச்சு. பழைய நோட்டு தவறாக அளந்தது நிஜம். ஆனால் அந்தத் தவறுக்குள் ஒரு விசுவாசமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. புதுக் கருவிக்கு, பார்க்கிங்கில் எஞ்சினை அணைக்காமல் கேட்டவனும் ஒன்றுதான், பல் டாக்டர் வரவேற்பறையில் காதில் விழுந்தவனும் ஒன்றுதான்.

மூன்றாவது: இணையம்

நேயர்கள் ஐபாடுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று உண்டு. கே-ஃபாக்குக்குத் தெற்கே, வாட்சன்வில் பக்கம் கே-பிக் என்று ஒரு சின்ன டிரிபிள் ஏ நிலையம். பில் கோல்ட்ஸ்மித் என்பவர் முயற்சியில் 1995-லேயே இணையத்தில் முழுநேரமும் ஒலிபரப்பியது. வணிக வானொலிகளில் இதில் முன்னோடி.

அமெரிக்கச் சட்டப்படி கோபுரத்திலிருந்து ஒலிபரப்பினால் பாட்டு எழுதியவருக்குக் காசு உண்டு, பாடியவருக்கு இல்லை. இணையத்தில் பாடியவர் தரப்புக்கும் தர வேண்டும், அதுவும் கேட்கும் தலைக்கு இத்தனை என்று. 2002-ல் நிர்ணயித்தது, ஒரு பாட்டுக்கு ஒரு நேயருக்கு 0.07 சென்ட். சின்னத் தொகைதானே? ஆயிரம் பேர், மணிக்கு 15 பாட்டு என்றால் மணிக்கு பத்தரை டாலர். வருஷத்துக்குச் சுமார் 92,000 டாலர். கோபுரத்தில் நேயர் கூடினால் செலவு கூடாது. இணையத்தில் ஒவ்வொரு புது நேயரும் ஒரு செலவு. அந்தக் கோடையில் கே-பிக் இணைய ஒலிபரப்பை நிறுத்தியது. கலைஞருக்குக் காசு போவது நியாயம்தான். சின்ன நிலையத்தால் அதைத் தாங்க முடியவில்லை என்பதும் நிஜம்.

முடிவும், முடியாததும்

டேவ் மோரி 2008 கடைசியில் ஓய்வு பெற்றார். 2016-ல் கே-ஃபாக்கின் பெரும்பாலான அறிவிப்பாளர்களை ஒரே நாளில் அனுப்பிவிட்டு, புது ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 2017 நவம்பரில், சுமார் 240 கோடி டாலர் கடனோடு க்யூமுலஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மீண்டு வந்த அடுத்த வருஷம் 2019-ல், 104.5 அலைவரிசையைத் தன் விளையாட்டு நிலையம் கே.என்.பி.ஆர்-க்குக் கொடுத்தது. சங்கோடு ஆரம்பித்த வானொலிக்குச் சங்கு ஊதியாச்சு. நான் அப்போது சென்னையில், போனில் செய்தி படித்தேன்.

இந்த வகையே அழிந்துவிட்டதா என்றால், இல்லை. சிகாகோவில் டபிள்யூ.எக்ஸ்.ஆர்.டி, கொலராடோவில் கே.பி.சி.ஓ என்று வணிக நிலையங்கள் சில தாக்குப்பிடிக்கின்றன. ஆனா வலுவாக நிற்பவை பெரும்பாலும் நேயர் பணத்தில் ஓடுபவை. கே-பிக்கின் அதே கோல்ட்ஸ்மித் 2000-ல் தொடங்கிய 'ரேடியோ பாரடைஸ்' விளம்பரமே இல்லாமல் நன்கொடையில் ஓடுகிறது. பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எக்ஸ்.பி.என் இருக்கிறது. சியாட்டிலில், 1972-ல் மாணவர்கள் ஆரம்பித்த நிலையம் 2001-லிருந்து கே.இ.எக்ஸ்.பி. அதன் ஸ்டுடியோக் கச்சேரிகளை யூடியூபில் நீங்களே பார்த்திருக்கலாம்.

இவர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரை ரத்து செய்தது. ஆனால் இவர்களின் அளவுகோல் வேறு. எத்தனை பேர் ஐந்து நிமிஷம் இருந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் இது இல்லாமல் முடியாது என்று காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் இவர்களுக்கு முக்கியம். இந்தக் கணக்கில் பார்க்கிங் ஆசாமிக்கும் பல் டாக்டர் வீட்டு ஆசாமிக்கும் வித்தியாசம் தெரியும்.

இங்கே ஒரு ஒப்புதல். நான் கே-ஃபாக்கை வருஷக்கணக்காக ஓசியில் கேட்டவன். அந்த உணவு வங்கி சிடி ஒன்றுகூட வாங்கவில்லை. விளம்பரம் வந்தால் ஸ்டேஷன் மாத்தியவனும் நான்தான். எந்தக் கருவியில் பார்த்தாலும் என்னால் அவர்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை.

2023-ல் வளைகுடாப் பகுதியின் 92.7 அலைவரிசை திவால் ஏலத்துக்கு வந்தது. 37.5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி. 2024 மார்ச்சிலிருந்து அங்கே ஒலிக்கிறது. கே-ஃபாக் போய் நாலரை வருஷம் கழித்து, அதே ஊர் கார்களில் மறுபடியும் முன்பின் தெரியாத பாட்டு. நான் அதைச் சென்னையிலிருந்து இணையத்தில் கேட்கிறேன். இந்தத் தடவை மாசம் ஒரு சின்னத் தொகை கார்டிலிருந்து போகிறது.