பாசிப்பாட்டம்: முழங்கால் நீரின் வரலாறு

எங்கள் பக்கத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஆண்டுதோறும் ஓர் அறிவிப்பு ஒட்டப்படுவதுண்டு. இன்ன குளத்தின் மீன்பாசிக் குத்தகை இன்ன தேதியில் பொது ஏலத்துக்கு விடப்படும் என்பது அதன் சாரம். வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "மீன் சரி சார், பாசியை யார் ஏலம் எடுப்பாங்க?" வகுப்பு சிரித்தது. அது சிரிப்புக்குரிய கேள்வியன்று என்று விளக்க எனக்கு அந்த மணி முழுவதும் போதவில்லை.

இடைக்காலக் கல்வெட்டுகளில் வரும் வரிப்பெயர்களுள் ஒன்று பாசிப்பாட்டம். குளத்து மீன்மீது விதிக்கப்பட்ட வரி அல்லது குத்தகைப் பணம் அது. (பாட்டம் என்ற சொல் மலையாளத்தில் இன்றும் குத்தகையையே குறிக்கிறது. நாம் தொலைத்ததை அவர்கள் வைத்திருப்பது இது முதல் முறையன்று.) மீனால் வந்த வருவாயை அதே குளத்தைத் தூர்வாரவே செலவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்த ஊர்களும் உண்டு. மீனை விற்று மண்ணை எடுத்தார்கள். மண்ணை எடுத்ததால் நீர் நின்றது. நீர் நின்றதால் மீன் வளர்ந்தது. அரசனும் மொழியும் நாணயமும் மாறியபின்னும் சுவரொட்டியில் 'பாசி' மட்டும் தங்கிவிட்டது.

தாமிரபரணிப் பாசனத்தில் மழைநீரையும் கால்வாய் நீரையும் தேக்குவதற்கு வடக்கே சொல்வதுபோல் ஏரி என்று பெயரில்லை. சிறிதோ பெரிதோ, குளம்தான். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிறைப்பதைப் போல, ஒவ்வொரு அணைக்கும் கால்வாய், ஒவ்வொரு கால்வாய்க்கும் குளங்கள். காரும் பிசானமும் முடிந்து கோடை ஏறும்போது நீர் மடையோரத்துக் குழிகளில் ஒடுங்கும். மீனுக்கும் மனிதனுக்குமான வழக்கு அப்போதுதான் தொடங்கும்.

ஆழம் குறைந்த நீரில் மீன் எங்கே இருக்கும்? எளிதாகத் தோன்றும் கேள்வி, விடை எளிதன்று. ஆழமான குழியில் இருக்கும் என்றுதான் புதியவன் நினைப்பான். ஆனால் இலையும் செடியும் அழுகும் சேற்றடியில் உயிர்வளி முதலில் தீர்ந்துவிடுகிறது. மீன் மேலேயும் ஓரத்துக்கும் வருகிறது. வட அமெரிக்காவில் உறைந்த சிறுகுளங்களின்மேல் துளையிட்டு 'கிராப்பி' என்னும் மீனைப் பிடிப்பவர்களும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் சில குளங்களில் இதே காரணத்தால் ஆழத்தை விட்டுக் கரையோரம் தேடுகிறார்கள். அங்கே காற்றைத் தடுப்பது பனிக்கட்டி. இங்கே நீரைக் கெடுப்பது வெயில்.

நம் மீன்களுள் சில இன்னும் ஒரு படி மேலே போனவை. விரால் வாயால் காற்றை விழுங்கிச் சேற்றுக்குள்ளும் உயிர் தரிக்கும். அது மூச்செடுக்கும்போது நீர்மேல் எழும் ஒரு குமிழைப் பார்த்தே கைதேர்ந்தவன் இடம் சொல்லிவிடுவான். பனையேறிக் கெண்டையின் கதை ஐரோப்பா வரை போயிற்று. தரங்கம்பாடியில் இருந்த டேனியக் கம்பெனியின் படை அலுவலர் டால்டார்ஃப், குளக்கரைப் பனையில் அம்மீன் ஏறுவதைக் கண்டதாக எழுதியது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அறிஞர்கள் பலர் நம்பவில்லை. பனை ஏறியதோ இல்லையோ, ஈரத்தரையில் அது ஊர்ந்து போகும் என்பதில் ஐயமில்லை.

பிடிக்கும் கருவியும் பழையதே. இருமுனையும் திறந்த, மேலே குறுகிய கூடை. ஊத்தா, கச்சா என்று இடத்துக்கொரு பெயர். கண்டி அரசில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இதையே விவரிக்கிறார்: கூடையைச் சேற்றில் அழுத்துவது, உள்ளே மீன் மோதுவது கையில் தெரிந்ததும் மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பது. கடல் கடந்து வந்த கைதிக்கு அது வியப்பு. நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த வித்தை.

ஆங்கிலேயர் இதை வேறு கண்ணால் பார்த்தனர். மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே தம் 1873ஆம் ஆண்டு அறிக்கையில் சிறுகண் வலைகளும் பொறிகளும் குஞ்சுகளை அழிப்பதாகக் குறைபட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. விரால் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு ஓரத்திலேயே நிற்கும். அப்போது தாயைப் பிடித்தால் கூட்டமே போயிற்று. ஆனால் உண்மையான மாற்றம் வலையால் வரவில்லை என்பது என் எண்ணம். 1952இல் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது. நம் குளங்களில் அது 'சிலேபி' ஆகிப் பெருகியது. பிறகு கட்லாவும் ரோகுவும் விடப்பட்டன. குத்தகைதாரருக்கு எடை வேண்டும். அயிரைக்கும் குரவைக்கும் அங்கே என்ன வேலை?

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிப் பகுதியே முக்கூடற்பள்ளின் களம். அந்நூல் வெள்ளத்தோடு வரும் மீன்களைப் பெயர் பெயராக அடுக்குகிறது. பாடம் நடத்தும்போது அந்தப் பெயர்களுக்கு இப்போது உரை சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதிய புலவர் உரை தேவைப்படும் என்று நினைத்திருக்கமாட்டார்.

என் தாய்மாமா ஊரில் குத்தகைதாரர் வலைபோட்டு முடித்தபின் எஞ்சிய முழங்கால் நீர் ஊருக்குப் பொது. மதுரைச் சீமையில் அழிகண்மாய் என்பார்களே, அதுபோல. கூடையுள்ளவன் கூடையோடு, இல்லாதவன் வேட்டியோடு இறங்குவான். இப்போது கடைசிக் குழியையும் மோட்டார் வைத்து இறைத்து எடுத்துவிடுகிறார்கள். ஏலத்தில் எடுத்தவருக்கு அது உரிமை. எழுத்தில் எந்தப் பிழையும் இல்லை. எழுதப்படாமல் இருந்த உரிமை ஒன்றுதான் போயிற்று.

அந்த மாணவன் மறுவாரம் ஒரு தாளோடு வந்தான். அவன் ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிய குளத்து மீன் பெயர்கள், மொத்தம் பதினொன்று. இரண்டு எனக்குத் தெரியாதவை. வருகிற சனிக்கிழமை அந்த ஆச்சியைப் பார்க்கப் போகிறேன்.