கொலம்பியாவின் விளக்குகள்: வயரிங் தொழிலின் முதல் ஒப்பந்தம்

காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் கரியாலான மெல்லிய இழையை மின்னோட்டத்தால் பழுக்கக் காய்ச்சி வெளிச்சம் பெறும் ஒளிரிழை விளக்கு, எடிசனின் ஆய்வுக்கூடத்தை விட்டு முதன்முதலாக விலைக்குப் போனது ஒரு நீராவிக் கப்பலுக்கே ஆகும். 1879-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று நியூஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க்கில் எடிசன் தம் விளக்குகளைப் பொதுமக்களுக்குக் காட்டியபோது பார்வையாளர்களுள் ஒருவராக வந்த ஹென்றி வில்லார்டு, ஓரிகன் ரயில்வே அண்ட் நேவிகேஷன் கம்பெனியின் தலைவர். தம் நிறுவனத்துக்காகப் பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரில், ஜான் ரோச்சின் கப்பல் தளத்தில் உருவாகிக்கொண்டிருந்த 'கொலம்பியா' என்ற கப்பலுக்கு இவ்விளக்குகளே வேண்டுமென அவர் முடிவு செய்தார். மின்விளக்கின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்திலிருந்தே வயரிங் தொழிலின் கதையைத் தொடங்குகின்றனர். ஆயினும், ஒருவர் செய்து கொடுத்துவிட்டுப் போன வேலையை மற்றொருவர் பணம் கொடுத்து வாங்கி அதை நம்பி வாழ்வதே இத்தொழிலின் இயல்பு என்று கொண்டால், அதன் தொடக்கத்தை 1880-ஆம் ஆண்டு இக்கப்பலில் நடந்த வேலையில்தான் தேட வேண்டும்.

கப்பல் முந்திக்கொண்டதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. நகரங்களில் நிலக்கரி வாயு விளக்கு வேரூன்றியிருந்ததால் மின்விளக்கு அதனோடு விலையில் போட்டியிட வேண்டியிருந்தது; கடலிலோ வாயுக் குழாய்க்கு வழியில்லாமல், எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியுமே மர வேலைப்பாடு நிறைந்த அறைகளில் புகை கக்கி எரிந்துகொண்டிருந்தன. மின்சாரம் உண்டாக்கத் தேவையான நீராவியும் கப்பலில் ஏற்கெனவே இருந்தது. எனினும் தீ விபத்துக்கு அஞ்சிய ரோச், இந்தப் புதிய அமைப்பைப் பொருத்தும் பொறுப்பை ஏற்க விரும்பாததால், கட்டி முடித்த கப்பல் நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டு, எடிசனின் ஆட்களே அங்கு வேலையைச் செய்து முடிக்க நேர்ந்தது. அந்த அச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. கம்பி சூடேறினால் மரம் பற்றிக்கொள்ளும் என்பது அன்றும் உண்மைதான், கடலின் நடுவே தீப்பிடித்தால் ஓடி ஒதுங்க இடமும் இல்லை.

வேலையில் இறங்கியவர்களுக்கு முன்னோடிகள் இல்லை. தந்திக் கம்பியும் அழைப்புமணிக் கம்பியும் இழுத்துப் பழகியவர்கள் அமெரிக்க நகரங்களில் இருந்தாலும், அவர்கள் கையாண்டது மின்கலங்களிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டம். அது கம்பியைச் சுடவைக்கும் அளவுக்கு வலுவானதன்று. கொலம்பியாவில் பொருத்தப்பட்ட டைனமோக்கள், அதாவது நீராவி எந்திரத்தால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் பொறிகள், நான்கு. அவற்றுள் மூன்று, ஒவ்வொன்றும் 16 மெழுகுவத்தி ஒளி தரும் 60 விளக்குகளை எரிக்க வல்லவை. நான்காவது, குறைந்த அழுத்தத்தில் ஓடி, மற்ற மூன்றின் காந்தங்களுக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தந்துகொண்டிருந்தது. மின்னழுத்தத்தை அளக்கும் கருவி எதுவும் கப்பலில் இல்லாததால், எந்திர அறையில் எரியும் விளக்கு மங்குகிறதா, கண்ணைக் கூசுகிறதா என்று பார்த்தே பொறியாளர் டைனமோக்களைச் சரிப்படுத்தினார். விளக்குகளின் இழையோ கெட்டியான அட்டைத்தாளை வெட்டிக் கரியாக்கியது, எளிதில் முறியக்கூடியது. ஆகவே எடிசனின் உதவியாளரும் கணித வல்லுநருமான பிரான்சிஸ் அப்டன் அவற்றைக் கூடையில் வைத்து மென்லோ பார்க்கிலிருந்து கையோடு எடுத்துவந்தார்.

இவ்வேலையின் உண்மையான சிறப்பு விளக்கைவிட அதற்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. விளக்குகள் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றும் தனித்தனியே இரு மெயின் கம்பிகளோடு சேரும் முறையில் அமைந்தமையால், ஒன்று அணைந்தாலும் மற்றவை எரிந்துகொண்டிருந்தன. ஆனால் இதே முறையில், எங்கேனும் இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆனால், டைனமோவின் முழு ஆற்றலும் அந்த ஓரிடத்தில் பாய்ந்துவிடும். அதைத் தடுக்க, இணைப்புகளின் நடுவே சிறு ஈயக் கம்பித் துண்டுகள் வைக்கப்பட்டன. அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் செம்புக் கம்பி சூடேறு முன்பே ஈயம் உருகி அறுந்து அந்த இணைப்பை மட்டும் துண்டித்துவிடும். இன்று வீடுதோறும் ஃபியூஸ் என்று வழங்கும் இந்த ஏற்பாட்டுக்கு எடிசன் காப்புரிமை பெற்றது 1880 மே 4 அன்று, கொலம்பியாவின் விளக்குகள் எரிந்து இரண்டு நாள் கழித்து. பயணிகளின் அறைகளில் மற்றோர் எச்சரிக்கையும் கையாளப்பட்டது: விளக்கை ஏற்றவும் அணைக்கவும் உதவும் சுவிட்ச் அறைக்கு வெளியே பூட்டிய மரப்பெட்டியில் இருந்தது, கப்பல் பணியாளர் சாவியுடன் வந்து திறந்தால்தான் அது இயங்கும். மின்சாரத்தையே அறியாதவர் கையில் அதை ஒப்படைக்குமுன் அவர் என்னென்ன செய்யக்கூடும் என்று எண்ணிப் பார்த்த ஒருவரின் சிந்தனையை இப்பெட்டிகளில் காணலாம்.

1880 மே 2 அன்று விளக்குகள் வெற்றியுடன் எரிந்தபின், 13 ரயில் எந்திரங்களையும் 200 ரயில் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்ட கப்பல், தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் புறப்பட்டது. பழுது நேர்ந்தால் மென்லோ பார்க்குக்கு ஆள் அனுப்ப வழியில்லாத அப்பயணத்தில், வழியில் ரியோ டி ஜெனிரோவில் நிலக்கரி ஏற்றி, மெகல்லன் நீரிணையைக் கடந்து, ஜூலை இறுதியில் சான் பிரான்சிஸ்கோவையும் ஆகஸ்டில் போர்ட்லாந்தையும் அது அடைந்தது. 115 விளக்குகள் 415 மணி 45 நிமிடம் எரிந்தும் ஒன்றுகூடக் கெடவில்லை என்று கப்பலின் தலைமைப் பொறியாளர் எழுதி அறிவித்தார். எந்த விளம்பரமும் இதற்கு நிகராகாது.

தரையில் இதே கவனம் எப்போதும் வாய்க்கவில்லை. நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் இருந்த வங்கியாளர் ஜே. பி. மார்கனின் இல்லத்தில் எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் மேற்பார்வையில் நடந்த வயரிங் வேலையில், மேசை விளக்குக்காகக் கம்பளத்தின் அடியில் இழுத்த கம்பி தீப்பற்றி மேசையை எரித்தது. ஜான்சனே திரும்ப வந்து அவ்வேலையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. இத்தகைய விபத்துகளின் இழப்பைச் சுமந்த தீக்காப்பீட்டு நிறுவனங்களே முதலில் விதி வகுக்க முன்வந்தன. கம்பிகளுக்கு இரட்டை உறை வேண்டும், மின்சாரம் கடத்தாத பொருளால் அவற்றைப் பொருத்த வேண்டும், ஒளிரிழை விளக்குக்குச் செல்லும் இரு கம்பிகளுக்கிடையே இரண்டரை அங்குல இடைவெளி வேண்டும் என்றெல்லாம் நியூயார்க் தீக்காப்பீட்டாளர் கழகம் 1881-இலேயே வரையறுத்தது. மின்பணியாளர்கள் 1891-இல் செயின்ட் லூயிஸில் தமக்கெனத் தேசியத் தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டதற்கும் வேலையிடத்து மரணங்களே முதன்மைக் காரணம். சங்கத்தின் முதல் தலைவர் ஹென்றி மில்லரே 1896-இல் வேலையின்போது மின்சாரம் தாக்கி இறந்தார்.

கொலம்பியாவின் பழைய டைனமோக்கள் 1895 வரை கப்பலிலேயே இருந்து, பின்னர் புதியவற்றுக்கு இடம் கொடுத்தன. அவற்றுள் ஒன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டு கழித்து, 1897-இல், காப்பீட்டாளர்களும் கட்டடக் கலைஞர்களும் மின்துறையினரும் கூடி வெவ்வேறு விதித்தொகுப்புகளை ஒன்றாக்கித் தேசிய மின்விதித் தொகுப்பை வெளியிட்டனர்.