நாயும் காரும் பழைய சாலையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று முடிவு செய்யாமலே கிராமத்துச் சாலைகளில் மெதுவாகச் சுற்றிவிட்டு, இருட்டும் முன் வீடு திரும்புவது அமெரிக்காவில் ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு. இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேடிப் படித்தபோது, இந்தச் சின்ன சந்தோஷத்துக்குப் பின்னால் ஒரு நாட்டின் சாலைக் கதையே இருப்பது தெரிந்தது.

கதை 1903-ல் தொடங்குகிறது. ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற 31 வயது மருத்துவர், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் 50 டாலர் பந்தயம் கட்டினார். காரிலேயே நியூயார்க் வரை போய்க் காட்டுகிறேன் என்பதுதான் பந்தயம். அதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. சூவல் கிராக்கர் என்ற மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு வின்டன் காரில் மே 23-ம் தேதி கிளம்பினார். வழியில் ஐடஹோ மாநிலத்தில் 15 டாலருக்கு ஒரு புல்டாக் நாயை வாங்கினார். பெயர் பட்.

அந்தக் காருக்குக் கூரையும் கிடையாது, முன் கண்ணாடியும் கிடையாது. புழுதி நேராக முகத்தில் அடிக்கும். நாயின் கண்கள் எரிச்சலில் சிவந்துபோகவே, மனிதர்கள் போட்டிருந்தது போலவே பட்டுக்கும் ஒரு காற்றுக்கண்ணாடி மாட்டிவிட்டார்கள். கண்ணாடியோடு முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த நாயின் படம் பத்திரிகைகளில் வர, ஜாக்சனை விட பட் பிரபலமாகிவிட்டது!

நகரங்களுக்கு வெளியே தார்ச்சாலை என்பதே அநேகமாக இல்லாத காலம் அது. வண்டித்தடத்தில்தான் ஓட்ட வேண்டும். ஓடைகளில் சிக்கிக்கொண்டால் கயிறும் கப்பியும் போட்டு இழுக்க வேண்டும். உடைந்த பாகங்களைச் சரிசெய்ய ஊர்க் கொல்லர்தான் கதி. 63 நாட்கள் கழித்து, ஜூலை 26-ம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். மொத்தச் செலவு சுமார் 8,000 டாலர். பந்தயப் பணமான 50 டாலரை ஜாக்சன் வாங்கிக்கொள்ளவே இல்லையாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாக்சன் கிராமத்துச் சாலையைத் தேடிப் போகவில்லை. அன்று இருந்ததே அந்தச் சாலைதான். வேறு நல்ல சாலை வந்த பிறகுதானே பழையது "கிராமத்துச் சாலை" ஆகும்?

அதற்கு முன் கார் சாதாரண மக்களின் கைக்கு வர வேண்டியிருந்தது. 1908-ல் சுமார் 850 டாலருக்கு வந்த ஃபோர்டின் 'மாடல் டி' கார், 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. தொழிலாளியின் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை உலா கிளம்பியது. 1926-ல் சாலைகளுக்கு எண்கள் கொடுத்தார்கள். புகழ்பெற்ற 66-ம் எண் சாலை அப்போது பிறந்ததுதான்.

எல்லோரும் உல்லாசமாகப் போகவில்லை. 1930-களில் பஞ்சத்தால் நிலத்தை இழந்த விவசாயிகள் அதே 66-ம் எண் சாலையில்தான் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் எழுதிய 'கோபத்தின் கனிகள்' நாவல் அவர்கள் கதை. அதில் அந்தக் குடும்பத்தோடு கிளம்பும் நாய், ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேகமாக வந்த காரில் அடிபட்டுச் செத்துப்போகிறது. படித்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது.

பெரிய மாற்றம் 1956-ல் வந்தது. அதன் விதை 1919-ல் விழுந்தது. அந்த ஆண்டு வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு ராணுவ வாகன வரிசை போனது. எடுத்துக்கொண்ட நாட்கள் 62. அதாவது ஜாக்சனை விட ஒரே ஒரு நாள் குறைவு! அதில் சென்ற இளம் அதிகாரி ஐசன்ஹோவர் பிறகு ஜனாதிபதியானார். 41,000 மைல் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கான சட்டத்தில் 1956 ஜூன் 29 அன்று கையெழுத்திட்டவர் அவரே.

புதிய சாலைகளில் குறுக்குச் சந்திப்பு கிடையாது, சிக்னல் கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. பழைய சாலையோரத்துச் சிற்றூர்களின் கடைகளும் விடுதிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1985-ல் 66-ம் எண் சாலையே அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நேற்று வரை முக்கியச் சாலையாக இருந்தது இப்படித்தான் ஒதுக்குப்புறச் சாலை ஆனது.

இந்த மாற்றத்தின் நடுவே, 1960 செப்டம்பரில், 58 வயது ஸ்டைன்பெக் மறுபடியும் சாலைக்கு வந்தார். கூட வந்தது சார்லி என்ற பூடில் நாய். வண்டி, பின்னால் சிறு வீடு பொருத்திய ஒரு டிரக். பெரிய சாலைகளைக் கூடியவரை தவிர்த்தார். முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டுமென்றால் முதலில் சார்லியை அவிழ்த்துவிடுவாராம். நாய் போய் வாலாட்டும், இவர் அதைத் தேடிக்கொண்டு போவார், பேச்சு தொடங்கிவிடும்! 1962-ல் வந்த 'சார்லியுடன் பயணங்கள்' புத்தகம் இந்தக் கதைதான். அதில் கற்பனை நிறையக் கலந்திருக்கிறது என்று பின்னர் அதே வழியில் போய் ஆராய்ந்த ஒரு பத்திரிகையாளர் காட்டினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒருவன் வண்டிக்குள் இருந்த சார்லியைப் பார்த்து, முதலில் அதைக் கருப்பினத்தவர் என்று நினைத்ததாகச் சொல்லிச் சிரிக்கிறான். ஒரு கருப்பின மனிதர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பதில் வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் தொடங்கிய 'பச்சைப் புத்தகம்' அது. கருப்பினத்தவருக்கு எந்த ஊரில் அறை கொடுப்பார்கள், எங்கே சாப்பாடு கிடைக்கும், எங்கே கார் பழுது பார்ப்பார்கள் என்ற பட்டியல். 1960-கள் வரை அது வெளிவந்தது. பொழுது சாய்வதற்குள் கருப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்று வைத்திருந்த ஊர்கள் பல இருந்தன. விடுதிகளிலும் உணவகங்களிலும் இனப் பாகுபாட்டைச் சட்டம் தடுத்தது 1964-ல்தான். எங்கே போகிறோம் என்று முடிவு செய்யாமல் கிளம்புவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, ஆபத்து. ஸ்டைன்பெக்கின் நாய் இறங்கி ஓடிய இடங்களில் இறங்கவே அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது.

ஜாக்சனின் காரும் பட்டின் கண்ணாடியும் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கும் நாயின் படத்தை எங்காவது பார்த்தால் எனக்கு அந்தக் கண்ணாடி நினைவுக்கு வரும். இப்போது அந்தத் தபால்காரரும் கூடவே வருகிறார்.